ஆள்குறைப்பு ஆர்டர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் நலம், அப்பாவின் இருமல்கூட நலமாகத்தான் இருக்கிறது. மனசளவில் நான் நலமில்லை, அதை மறைப்பானேன். நீ நன்றாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஜன்னல் மூடாத அறையை மாற்றிக் கொடுத்தார்களா என்றெல்லாம் எழுது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் என்றால் நான் கத்துவேன், நான் கத்தினால் நீ அழுவாய், அப்புறம் விஷயம் விஷயமாகவே இருக்காது. கொஞ்ச நாளாக எனக்கு மனுசங்களைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு வருகிறது, அதை ஒழுங்காக முதலில் இருந்து சொல்லவேண்டும்.

நான் போனில் வகுப்பு பார்த்துப் படம் வரையக் கற்றுக்கொண்டது உனக்குத் தெரியும். வீட்டில் இருந்தபடியே கற்கலாம், வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று அந்த வாத்தியார் திரையில் வந்து பல்லைக் காட்டுவாரே, அவரேதான். நான் மூக்கு என்று நினைத்து வரைந்தது பூட்டு மாதிரி இருந்தாலும் சூப்பர்மா, அருமைம்மா என்பார், அடுத்த நிமிஷம் அடுத்த வகுப்புக்குப் பணம் கட்டச் சொல்வார். அவருடைய பாராட்டைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனால் ஒன்று உருப்படியாகச் சொன்னார், ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பப் போடுங்கள், கை தானாகப் பழகும் என்று. நான் உன் முகத்தை எடுத்துக்கொண்டேன். தையல் மெஷின்மேல் பலகையைப் போட்டு, அடுப்பு வேலை முடிந்ததும் உட்கார்ந்து, உன் இடது புருவத்தில் முடி முளைக்காத அந்தத் துளி இடம்வரை வரைந்து வரைந்து, இப்போது கண்ணை மூடிக்கொண்டே போடுவேன். உன் பெரியப்பா ஒருநாள் வீட்டுக்கு வந்து மெஷின்மேல் பென்சில்களைப் பார்த்துவிட்டு, இந்த வயசுல கிறுக்கிக் கிறுக்கி என்னத்தக் கிழிக்கப் போறா என்று அப்பாவிடம் கேட்டுச் சிரித்தார். அப்பாவும் கூடச் சிரித்தார். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த வேலையால் நாலு காசு வந்தால்கூட பெரியப்பா வீட்டில் ஒருத்தர் காதிலும் போடுவதில்லை என்று.

காசு வரத்தான் செய்தது. மருந்துக்கடைக்குப் பக்கத்தில் படங்களுக்குச் சட்டம் போடுகிறாரே, அந்தச் சட்டக்காரர்தான் வேலை கொடுக்கிறார். போட்டோவைக் கொண்டுவந்து பென்சிலில் கையால் வரைந்து தாருங்கள் என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகமாம். யார் வரைகிறார்கள் என்று அவர் சொல்வதில்லை, எங்க ஓவியர் என்பதோடு சரி. ஜனங்கள் எங்க ஓவியரை மீசை வைத்த ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் கேட்கிற கேட்பு இருக்கிறதே, சீ! மருமகளைக் கொஞ்சம் வெளுப்பாகப் போடுங்கள், கழுத்தில் இல்லாத சங்கிலியைப் போடுங்கள், புருஷனைவிட உயரமாக இருக்கிறாள், குட்டையாக்குங்கள். பெற்ற பிள்ளையின் முகத்தையே சலவைக்குப் போடுகிற துணி மாதிரி தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இந்த வேலைகளுக்குச் சட்டக்காரர் இரண்டு பெயர்கள் வைத்திருக்கிறார். செத்துப்போனவர்களையோ தூரத்தில் இருப்பவர்களையோ படத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் ஆள்சேர்ப்பு. வேண்டாதவர்களைப் படத்தில் இருந்து எடுத்தால் ஆள்குறைப்பு. ஏதோ ஆலையை மூடுகிற மாதிரி சாதாரணமாகச் சொல்வார், ஒரு ஆள்குறைப்பு ஆர்டர் வந்திருக்குங்க என்று. சேர்ப்பு எத்தனை வேண்டுமானாலும் கொடுங்கள், குறைப்பு என் வீட்டு வாசலுக்கே வரக்கூடாது என்று முதல்நாளே சொல்லிவிட்டேன். உயிரோடு இருக்கிறவர்களை அழிக்க எனக்குக் கை வராது.

போன வாரம் அவரே உறையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குறைப்பு வேலை செய்கிற இன்னொருவருக்குக் கை சுளுக்கிக்கொண்டதாம், கல்யாண வீட்டு அவசரமாம், இந்த ஒரு தடவை மட்டும் என்று கெஞ்சினார். முடியாது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மெஷின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தேன், எதற்கும் பார்ப்போமே என்று பிரித்தேன். நம் குடும்பப் படம். உன் பெரியப்பா முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று வாசலில் எடுத்தது. பெரியம்மா, அவர்கள் மகள் உன் தங்கச்சி, நான், அப்பா, நடுவில் பெரியப்பா, அவருக்குப் பக்கத்தில் நீ. உன் தலையைச் சுற்றிப் பச்சை மையில் ஒரு வட்டம். பின்பக்கம் பெரியப்பாவின் கையெழுத்து, எனக்குத் தெரியாதா அந்த வளைசல், இவளை மட்டும் எடுக்கவும், மற்றவர்களில் ஒரு கோடுகூட மாற்றவேண்டாம். தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டப வாசலில் வைக்கிற படமாம். மாப்பிள்ளை வீட்டார் யாராவது இது யார், இவள் புருஷன் எங்கே என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது, புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்றா சொல்வது, அந்தப் பயம். உன்னை அடித்தவனைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் வெட்கம் இல்லை. அடி வாங்கமாட்டேன் என்று எழுந்து போனவளைப் பற்றித்தான் வெட்கம்.

எழுந்துபோய் முகம் கழுவினேன். அப்பாவிடம் படத்தை நீட்டினேன். நீ புருஷன் வீட்டைவிட்டு வந்ததில் இருந்து உன் போன் வந்தால் என்னிடம் நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பாரே, அதே பார்வை. வரைஞ்சு குடுத்துடு, அண்ணன்கிட்ட எதையும் காட்டிக்காத, கல்யாணம் நல்லபடியா முடியட்டும் என்றார். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார், வாங்க ஒன்றும் இல்லாத கடைக்கு. என் கையால் வரைந்து பழகிய ஒரே முகத்தை என் கையாலேயே எடுக்கச் சொல்கிற வீட்டில் நான் இத்தனை காலம் சமைத்துப் போட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு அவரைவிட என் கரண்டியின்மேல்தான் கோபம் வந்தது.

சரி, வரைகிறேன் என்று உட்கார்ந்தேன். குறைப்பு வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு, சட்டக்காரர் சொல்லியிருக்கிறார். எடுக்கிற ஆள்மேல் யாராவது கையைப் போட்டிருந்தால் அந்தக் கையை மடக்கிவிட வேண்டும், சாய்ந்திருந்தால் நிமிர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தப் படத்தைப் பார்த்தாயா, ஞாபகம் இருக்கிறதா. பெரியப்பா நிற்கிறது அவர் காலில் இல்லை. ஒரு கால் தரையைத் தொடவே இல்லை, உடம்பு முழுக்க உன் பக்கம் சாய்ந்திருக்கிறது, வலது கை உன் தோளை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தது நீ, அவர் வீட்டில் ஆளாளுக்கு ஒரு வேலை இருந்தது. இவளை மட்டும் எடுக்கவும், மற்றவர்களில் ஒரு கோடுகூட மாற்றவேண்டாம் என்று எழுதியிருக்கிறாரே, நான் எழுத்துப் பிசகாமல் செய்தேன். உன்னை எடுத்தேன். அவரை அப்படியே விட்டேன். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, சுவரில் இருந்து நழுவுகிற ஏணி மாதிரி சாய்ந்து, கையை அந்தரத்தில் நீட்டி இல்லாத தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகம் மட்டும் கம்பீரமாகச் சிரிக்கிறது. நான் போட்டதிலேயே நல்ல படம் அது, சத்தியமாகச் சொல்கிறேன்.

நானே கடைக்குக் கொண்டுபோனேன். பெரியப்பா வரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர் என்னைப் பார்த்து, நீ எங்க இங்க என்றார், பதிலுக்குக் காத்திராமல் படத்தைப் பிரித்தார். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு கழுத்தில் இருந்து மேலே சிவந்துகொண்டே போனார். என்னய்யா இது, நான் விழப்போற மாதிரி இருக்கு, எந்த மடையன் வரைஞ்சான் என்று சட்டக்காரரைப் பிடித்துக்கொண்டார். சட்டக்காரர் பாவம், என்னைப் பார்த்தார். நான் எழுந்து, மடையன் இல்ல, நான்தான், நீங்க சொன்னபடி ஒரு கோடுகூட மாத்தலை, அன்னைக்கு நீங்க இப்படித்தான் நின்னீங்க, தாங்கிப் பிடிச்சிருந்தவளை நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க என்றேன். பெரியப்பா படத்தை மேஜைமேல் போட்டுவிட்டு இறங்கிப் போனார். இனி இந்த வேலை கிடைக்காது என்று நினைத்தேன், சட்டக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த சேர்ப்பு உறையை நீட்டினார். படத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பாவுக்குச் செய்தி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது, பெரியப்பா போனில் கொட்டித் தீர்த்திருக்கிறார். வீட்டில் ரகளை நடக்கும் என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். ஒன்றும் இல்லை. படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூட இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த ஆள்சேர்ப்புக்கு நீ எவ்வளவு வாங்குற என்று கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் இத்தனை நாள் அவர் செய்ததற்கு அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியுமா. முன்பணம் இல்லாமல் எங்க ஓவியர் பென்சிலைத் தொடமாட்டார், உங்க மகளுக்கு நீங்களே போன் பண்ணிப் பேசுறதுதான் முன்பணம் என்று சொல்லிவிட்டேன். சரி என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைக் கையிலேயே வைத்திரு. அவருக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாது, வெறும் இருமல்தான் கேட்கும், கடையில் இருந்து யாரோ என்று நினைத்து வைத்துவிடாதே. உன் மனசு ஆறவில்லை என்றால் நீயும் பேசவேண்டாம், சும்மா கேட்டுக்கொண்டிரு. மறக்காமல் இப்போது எடுத்த உன் போட்டோ ஒன்று அனுப்பு, பழைய முகம் வேண்டாம், இன்றைக்கு எப்படி இருக்கிறாயோ அப்படி. நல்ல வேலையும் நல்ல தூக்கமும் உனக்குக் கிடைக்கட்டும், யாருக்கும் பயப்படாமல் நீடு வாழ்வாயாக. படத்தைச் சட்டம் போடாமல் மெஷின்மேலேயே வைத்திருக்கிறேன், உன் இடத்தில் வேறு யாரையும் போடவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா,
எங்க ஓவியர்