ஒரே தடவையில் அடைத்த பல்

காவலூர் நதியாவின் கடைவாய்ப் பல்லை அடைத்த டாக்டர், அவள் கணவன் சிவசங்கரின் பெரியப்பா மகன். அன்றிலிருந்து மெல்லும்போதெல்லாம் சுருக்கென்று வலித்தது. "அண்ணன் மேல பழி போடாத. வலி உன் மனசுலதான்," என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான் சிவசங்கர்.

இன்று காலை அவன் நிலத்துக்குப் போனதும், அவள் காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்:

"சாமைச்சோறு வடிச்சிட்டேன். குழம்பை சூடு பண்ணிக்குங்க. சாவி பக்கத்து வூட்டு பச்சையம்மா அக்காகிட்ட இருக்குது.

நான் வேலூருக்குப் பல்லைக் காட்டப் போறேன். அங்க இருக்கிற டாக்டரம்மாகிட்ட நேத்தே போன்ல பேசிட்டேன். அடைக்கிற பசை, லைட் பட்டு இறுகும்போது சுருங்குமாம். பெரிய குழியை ஒரேடியா அடைச்சா, அந்த இழுப்புல பல்லே வளையுமாம், விரிசல்கூட விடுமாம். கொஞ்சம் கொஞ்சமா வெச்சு, ஒவ்வொரு தடவையும் லைட் காட்டணுமாம். உங்க அண்ணன் ஒரே தடவைதான் காட்டினாரு. வாயைத் திறந்துக்கினு நான்தான படுத்திருந்தேன்!

நதியா."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்: "கொஞ்சம் பயமாதான் இருக்குது. ஆனா போறேன். அண்ணன் கேட்டா மறைக்காதீங்க. நீங்க சொல்லலன்னா, வந்து நானே சொல்வேன்."

வாணியம்பாடியில் பஸ் மாறும்போது போன் அடித்தது. சண்டைக்குத் தயாராகவே எடுத்தாள்.

"நீ எழுதி வெச்சதைப் படிச்சேன். அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்," என்றான் சிவசங்கர். "கோச்சிக்கினாரு. கோச்சிக்கட்டும். நீ காட்டிட்டே வா."