மூடாத ஃபைலும் வேலு மாமாவும்

அடியே,

இன்று காலை ஆபீஸில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். புது போன் வாங்கியிருக்கிறேன். பழைய எண்களை ஒரு ஃபைலில் எடுத்து, வேண்டியவர்களை மட்டும் இன்னொரு ஃபைலுக்கு நகலெடுக்க ஜாவாவில் நாலு வரி புரோகிராம் எழுதினேன். ஓட்டிப் பார்த்தால் பட்டியல் ராணி டெய்லரோடு நின்றுவிட்டது. ‘வ’ வரிசையே இல்லை. எழுதிய ஃபைலை க்ளோஸ் செய்ய மறந்திருக்கிறேன். அதுவும் நான்! இதற்காக உன்னை எத்தனை வருஷம் கிண்டல் செய்திருப்பேன்.

என் கல்யாணப் பத்திரிகைதான் காரணம். தான் எழுதிய நீளமான வாழ்த்துப்பாவை ஒரு ஃபைலிலும், சொந்தக்காரர் பெயர்களை மூன்று ஃபைலிலுமாக அப்பா திருநெல்வேலியிலிருந்து அனுப்பினார். பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாய், ஆவடிக்காரி.

“இன்னாடி, கையால ஒட்டிக்கினு கீற? தள்ளு, நான் புரோகிராம் எழுதித் தரேன்.”

யார் பெயர் முதலில் என்று சண்டை வராமலிருக்க அகரவரிசையிலும் அடுக்கிவிட்டாய். முதல் பெயருக்குச் சண்டை வரவில்லை. கடைசிப் பெயர்தான் காணாமல் போனது: என் தாய்மாமன் வேலு. அச்சடித்து மஞ்சள் தடவும்போதுதான் பார்த்தோம்.

மாமா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். அவர் மாலை போடாமல் நான் எப்படி மணையில் உட்காருவது? அம்மா போனிலேயே அழுதாள். நீதான் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, நெமிலிச்சேரி தாண்டி அவருடைய ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குப் போனாய்.

“மாமா, எழுதுறது எல்லாம் நேரா ஃபைலுக்குப் போவாது. வழியில தேங்கும். க்ளோஸ் பண்ணாத்தான் மிச்சம் எறங்கும். மோட்டார நிறுத்துனா பைப்புல கொஞ்சம் தண்ணி நிக்குமே, அந்த மாரி உங்க பேரு நின்னுகினு கீது.”

“அப்ப நான் பைப்புல நின்ன தண்ணியாக்கும்?” என்றவருக்கு, மீசையை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. எல்லாப் பத்திரிகையிலும் நீயே கையால் பெயர் எழுத வேண்டும் என்றார். எழுதினாய். உன் கோழிக் கிறுக்கலில் பாதிப் பத்திரிகைகளில் அவர் ‘வேலி’ ஆனார். மாலை போட்டது வேலு மாமாதான்.

நீ டெங்குவில் போய் இரண்டு வருஷமாகிறது. உன் எண்ணைப் போனில் ‘வாயாடி’ என்று பதிந்திருந்தேன். நீயும் ‘வ’. அது உறைத்ததும் என் சிரிப்பு நின்றது. அவசரமாக க்ளோஸ் செய்யும் அந்த ஒரு வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். கடைசிக்கு முந்தைய வரியில் நீ வந்தாய். அதற்குக் கீழே மாமா.

அவரைக் கூப்பிட்டேன். “பைப்புத் தண்ணி பேசுதேன்” என்றார், வழக்கம்போல.

உன்னைக் கூப்பிடவில்லை. வேறு யாராவது எடுத்துவிட்டால்?