வைரஸுக்கும் ஊர் உண்டு

தொண்டாமுத்தூர்,
சனிக்கிழமை.

அன்புத் தங்கை நித்யஸ்ரீக்கு,

அக்கா புவனா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை அருள்குமாரும் குழந்தை வெண்பாவும் கனடாவில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சுகம் என்று எழுதினால் அது பொய். வாட்ஸ்அப்பை மாப்பிள்ளையும் பார்ப்பார் என்பதால் கையால் எழுதி, படம் எடுத்து, உன் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்புகிறேன். பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

முதலில் நல்ல செய்தி. என்மேல் விழுந்த பழி நீங்கிவிட்டது. கருப்புசாமியின் பத்து மாதக் குழந்தை கவினுக்கு நான் போட்ட தட்டம்மை ஊசிதான் அம்மையைக் கொண்டுவந்தது என்று ஊரே பேசியதைப் போனில் சொல்லியிருந்தேன். ஊசி போட்ட ஒன்பதாம் நாள் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. அடுத்து நெஞ்சுச் சளி, ஆக்சிஜன், பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. கருப்புசாமி வந்து தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கி வாசலில் வீசினார். மேலேயிருந்து எனக்கு மெமோ வந்தது. அதற்குப் பிறகு புதன்கிழமைதோறும் ஊசி மருந்தை வைத்துக்கொண்டு ஈ ஓட்டினேன். ஒரு தாயும் வரவில்லை. யானை வந்தால்கூட ஜன்னலைத் திறந்து பார்க்கிற ஊர் இது. நான் போய்க் கூப்பிட்டால் திறக்கவில்லை. துணை சுகாதார நிலையமும் பின்னால் இருக்கும் குவார்ட்டர்ஸுமாக ஐந்து வாரம் அடைந்து கிடந்தேன்.

கவினின் தொண்டையிலிருந்து எடுத்த சளியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே வைரஸின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்துவிடுகிறார்களாம். எங்கள் டாக்டர் சாஜித் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நாம் புது ஆளைப் பார்த்ததும் எந்தக் கூட்டம், எந்தக் குலக்கோயில் என்று கேட்டு இன்ன ஊர்க்காரர் என்று பிடித்துவிடுவோம் அல்லவா, கிட்டத்தட்ட அதுதான். ஊசியில் இருக்கும் வைரஸ் 'ஏ' என்ற ஒரே கூட்டம். கவினுக்கு வந்தது 'டி8'. வெளியே சுற்றித் திரிகிற காட்டு வைரஸ். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்க தப்பிச்சீங்க சிஸ்டர் என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆனால் அறிக்கையில் இரண்டாவது பக்கமும் இருந்தது. டி8 நம் நாட்டிலும் உண்டு. ஆனால் கவினுக்கு வந்தது இந்தப் பக்கத்து வைரஸோடு சேரவில்லை. கனடாவில் பதிவான ஒன்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. அப்படியானால் வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள். சமீபத்தில் யார் யார் வந்தார்கள், யார் வீட்டில் காய்ச்சல் இருந்தது என்று பட்டியல் வேண்டும். இந்த ஊர் வீடுகளை என்னைவிட அறிந்தவர் இல்லை என்று அந்தப் பட்டியல் எடுக்கும் வேலையை டாக்டர் என்னிடமே கொடுத்துவிட்டார்.

பார்த்தாயா, அம்மணி? திருடனைப் பிடிக்கத் திருடனையே அனுப்பியிருக்கிறார்கள்.

நீ வந்திருந்த அந்த வெள்ளிக்கிழமை வெண்பாவுக்குக் காய்ச்சலும் மூக்கு ஒழுகலும். பிளேன் களைப்பு என்றாய், நானும் விட்டுவிட்டேன். அன்றுதான் கவினை எடை பார்க்கக் கொண்டுவந்தாள் அவன் அம்மா செல்வநாயகி. நம் பாப்பா அவனை மடியில் வைத்துக்கொண்டு இறக்கவே மாட்டேன் என்று அழுதது. ஞாயிற்றுக்கிழமை போத்தனூரில் மாமா வீட்டுக் காதுகுத்துக்குப் போனோம். அன்று சாயங்காலம் வெண்பாவின் காதுக்குப் பின்னால் தடிப்பு. இருபத்திரண்டு வருடம் நர்சாக இருப்பவளுக்குப் பார்த்தவுடன் தெரியாதா? அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய். ஏதோ வீடியோ பார்த்துப் பயந்து ஒரு ஊசிகூடப் போடவில்லை என்றும், மாப்பிள்ளையிடம் போட்டாயிற்று என்று சொல்லி வைத்திருப்பதாகவும். "அவருக்குத் தெரிஞ்சா என்னை ஊட்டுல வெக்க மாட்டாருங்க்கா" என்று என் கையைப் பிடித்துப் பாப்பா தலையில் வைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினாய்.

உன்னை மட்டும் குறை சொல்லி என்ன? அன்றே படிவம் எழுதி டாக்டருக்குச் சொல்லியிருக்க வேண்டியது என் வேலை. எழுதவில்லை. ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவளின் தங்கை மகளுக்கே ஊசி இல்லை என்றால் எந்த முகத்தோடு வெளியே போவேன் என்று நினைத்தேன். வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டேன். வேப்பிலை இருக்கும் வாசலில் நின்று யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. மூன்று தண்ணீர் ஊற்றி, பாப்பா தேறி, நீங்கள் பிளேன் ஏறிவிட்டீர்கள். நீ வந்தது ஊருக்கே தெரியும். ஆனால் ஊசிமேல் பழி விழுந்த பிறகு வேறெதையும் நினைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த புதன்கிழமை கவினுக்கு ஊசி போடும்போதே அவனுக்குள் அது ஐந்து நாளாக இருந்திருக்கிறது.

நேற்று செல்வநாயகி வந்தாள். ரிப்போர்ட் விஷயம் கேள்விப்பட்டிருக்கிறாள். வந்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "உங்களைப் போயி வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டனுங்க்கா, மன்னிச்சிருங்க" என்றாள். எழுப்பி உட்காரவைத்தேன். கவின் இளைத்துப் போயிருந்தான். இடுப்பிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். பின்பக்கமாகப் போய்க் கூப்பிட்டேன், கை தட்டினேன். திரும்பவில்லை. காதில் சீழ் பிடித்திருந்தது, சரியாகுமா என்று போகப்போகத்தான் தெரியும் என்றார்களாம். கடைக்குப் போய்விட்டு வருகிறேன், நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும் என்று என்னிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த அரை மணி நேரம் எனக்கு நரகம், நித்யா.

இதோடு போயிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டே செத்திருப்பேன். போத்தனூரில் மாமா தெருவில் இப்போது மூன்று வீட்டு வாசலில் வேப்பிலை தொங்குகிறதாம். மாமா பேச்சுவாக்கில் சொன்னார். ஒரு வீட்டில் ஆறு மாதக் குழந்தை. அங்கே யாரும் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல மாட்டார்கள். அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று டாக்டருக்குத் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

திங்கட்கிழமை காலை பட்டியலைக் கொடுக்க வேண்டும். முதல் பெயராக வெண்பாவை எழுதிவிட்டேன். என் வேலை போகலாம். கருப்புசாமி இந்தத் தடவை பெட்டியை விட்டுவிட்டு என்னைத் தூக்கி வீசலாம், வீசட்டும். அதற்குள் மாப்பிள்ளையிடம் நீயே உன் வாயால் சொல்லிவிடு. ஆபீசர்கள் போன் செய்து அவருக்குத் தெரியக்கூடாது. அவர் கோபப்பட்டால் என்னைக் கூப்பிடச் சொல், திட்டு முழுவதையும் நான் வாங்கிக்கொள்கிறேன். பாப்பாவிடம் மட்டும் எந்த வயதிலும் இதைச் சொல்லாதே. அது பிள்ளையை ஆசையாகத்தான் தூக்கியது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். நான் படித்தவள், சத்தியத்தை மீறினால் ஒன்றும் ஆகாது என்று அடுத்தவருக்குச் சொல்லத் தெரிந்தவள். ஆனாலும் அவள் தலையில் வைத்த கை இது. அந்தச் சத்தியத்திலிருந்து என்னை விட்டுவிட்டதாக ஒரே வரி எழுதி அனுப்பு, கண்ணு. நீ எழுதாவிட்டாலும் திங்கட்கிழமை நான் போவேன். எழுதினால் பயமில்லாமல் போவேன்.

வெண்பா நூறு வயது நன்றாக இருக்கட்டும்.

உன் அக்கா,
புவனா