காந்தக்கையனின் நாற்பத்திரண்டாம் இதழ்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானுக்கும் உனக்கும் மூட்டுவலி தேவலையா?

நேற்று ஒரு பெரியவருக்குப் பல் செட் இழைக்கும்போது சின்ன வயதில் நாம் பார்த்த பல்லிப் பூதம் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். உறுமும்போதெல்லாம் மேல்வரிசையில் ஒரு பல் ஆடுமே, அந்தப் படம்தான். நான் உன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ள, நீ என் காதைத் திருகி, "டேய், முதுகைப் பாருடா, ஜிப் தெரியுது! உள்ள ஒரு ஆளு வேர்த்துப்போய் நிக்கிறாரு பாவம்" என்றாய். அதோடு பூதங்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டன.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் காமிக்ஸ் பிரியர் சங்கத்தில், எல்லாரும் மறந்துபோன வீரர்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம். நம் காந்தக்கையன் என் பொறுப்பு. வலது கை காந்தம் என்பதால் கரண்டியைப் பிடித்தால் விடமுடியாமல் தவிப்பானே, அவனேதான். சங்கத் தலைவர், நாற்பத்தோராம் இதழில் அவனைச் சங்கிலியால் கட்டிக் கிணற்றில் தள்ளியதோடு கதை நின்றுவிட்டது என்கிறார். "நாப்பத்திரண்டு வரவே இல்ல சார். கனவு கண்டிருப்பீங்க."

விடுவேனா? எட்டு வயதில் ஆபரேஷன் முடிந்து பத்து நாள் கண்கட்டோடு கிடந்தபோது நீ வாசித்துக் காட்டியது அந்த இதழ்தானே. எல்லார் முன்னாலும் அடித்துச் சொல்லிவிட்டேன். தயவுசெய்து பரணில் தேடு. 29ஆம் தேதி கூட்டம். போனில் கேட்டால் பாதியிலேயே சிரிப்பாய் என்றுதான் கடிதம்.

உன் தம்பி

ஜூன் 9

என் செல்லத் தம்பிக்கு,

இரண்டு வருஷமாக எட்டிப்பார்க்காதவனுக்குக் காந்தக்கையன் தேவைப்பட்டதும் அக்கா ஞாபகம் வந்துவிட்டது. போகட்டும்.

பள்ளிக்கூடம் திறந்த சமயம். என் தையல் கடையில் தைக்காத சீருடைகள் தலைக்குமேல் கிடக்கின்றன. இருந்தும் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். அப்பாவின் ஸ்பானர் பெட்டியும் ஓட்டை வாளியும்தான் இருக்கின்றன. புத்தகம் இல்லை. எலி தின்றிருக்கும். சங்கத்தில் சண்டை போடாமல் விட்டுவிடேன்.

கண் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்கா,

மறைத்து என்ன ஆகப்போகிறது? பழைய கண்ணேதான். ஜூலை 20 ஆபரேஷன். பார்வை எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். பல் இழைக்கிறவனுக்குக் கண் போனால் என்ன மிஞ்சும்? பயமாக இருக்கிறது.

அதனால்தான் இதில் பிடிவாதம். இருட்டுக் கிணற்றில் பத்து நாள் அவன் அழாமல் இருந்தானே! அழுதால் தண்ணீர் ஏறி மூழ்கிவிடுவான் என்று. பத்தாம் நாள் வாளியின் இரும்புப்பிடி தானாக அவன் கைக்கு வந்து ஒட்டியதே! இதைப் புத்தகத்துக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். "உங்க அக்கா படிச்சதா ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும், போட்டுடலாம்" என்கிறார் தலைவர். அந்த வரி வராவிட்டால் ஊரறிய நான் புளுகன். காந்தக்கையனும் கிணற்றிலேயே கிடப்பான். அனுப்பிவிடு.

தம்பி

ஜூன் 20

தம்பி,

அந்த வரியை எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை.

நாற்பத்திரண்டாம் இதழ் வரவே இல்லையடா. தினமும் புத்தகக் கடைக்கு ஓடினேன். "நின்னுபோச்சும்மா" என்றார் கடைக்காரர். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர், "பையன் அழக்கூடாது, தையல் பிரிஞ்சிடும்" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நீயோ தூக்கம் கலைந்ததும் "வந்துச்சாக்கா?" என்பாய். ஒரு நாள் உன் உதடு பிதுங்கியது. அப்பா வைத்துவிட்டுப் போன பம்பு ரிப்பேர் கையேட்டை எடுத்து, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அழுதால் தண்ணீர் ஏறும் என்றது உனக்காகத்தான்.

கட்டு அவிழ்த்ததும் புத்தகம் எங்கே என்றாய். பரணில் இருக்கிறது, கண்ணில் தூசி விழும், ஏறாதே என்றேன். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அதற்குமேல் புத்தி ஓடவில்லை. பிறகு நீ தெருவெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிப் பூரித்தாய். அதை எப்படிக் கெடுப்பேன்?

அந்தக் கையேடு இப்போது என் தையல் மெஷினின் ஆடும் காலுக்கு அடியில் முட்டாக இருக்கிறது. இதுதான் உண்மை. உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டு, ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

ஜூலை 2

தம்பி,

பன்னிரண்டு நாள் ஆகிறது. போனையும் எடுக்கவில்லை. நேற்று ஒரு சீருடைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன். கூட்டத்தில் என்ன ஆயிற்று? சங்கத் தலைவருக்கு நானே எழுதட்டுமா? பொய் சொன்னது நான்தான், நீ இல்லை என்று எழுதுகிறேன்.

அக்கா

ஜூலை 8

அக்கா,

கோபம்தான், மலைபோல. எல்லாப் பூதத்துக்கும் ஜிப்பைக் காட்டிக்கொடுத்தவள், இதற்கு மட்டும் முப்பத்தைந்து வருஷம் முதுகைத் திருப்பவே இல்லையே!

கூட்டத்தில் எழுந்து, "நாப்பத்திரண்டு இல்ல. நான் சொன்னது தப்பு" என்றேன். சிரித்தார்கள். வேறு வழி தெரியாமல் உன் கடிதத்தை வாசித்தேன். வராந்தாவில் டாக்டர் சொன்ன இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். மீதியைத் தலைவர் வாங்கி வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சார், அந்த ரெண்டு பக்கத்தை எடுக்க வேணாம்" என்றார். புத்தகத்தில் இப்படி வருகிறது: 'இதழ் 42. அச்சாகவில்லை. வாசகர்: ஒரே ஒருவர். கதை: அவருடைய அக்கா.'

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஜிப் தெரிந்த பிறகும் நாம் ஒரு படத்தையாவது பாதியில் விட்டு எழுந்தோமா?

20ஆம் தேதி ஆபரேஷன். ஒரு வாரம் கட்டு, இந்தத் தடவையும் அழக்கூடாதாம். கிணற்றிலிருந்து ஏறியவன் அப்புறம் எங்கே போனான் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். 19ஆம் தேதியே வந்துவிடு. அந்தக் கையேட்டையும் உருவிக்கொண்டு வா, பக்கம் புரட்டும் சத்தம் இல்லாமல் எனக்குக் கதை ஏறாது. உன் மெஷின் ஒரு வாரம் ஆடினால் ஆடட்டும்.

உன் தம்பி