கட்டைவிரல் செய்த பாவம்

செப்டம்பர் 15, சனி

மன்ரோவுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு விடுதி. இந்தப் பருவத்தில் இது ஒன்பதாவது கட்டில். இதன் ஸ்பிரிங்குகள்மேல் உள்நாட்டுப் போரில் ஒரு படையே, குதிரைகளோடு சேர்த்து, தூங்கி எழுந்திருக்கவேண்டும்.

இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. கல்லூரிப் பையன்கள் அமெரிக்கக் கால்பந்து ஆடுவதைப் பார்த்து, எவன் தொழில்முறை அணிக்குத் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று எங்கள் அணிக்கு எழுதி அனுப்புவது. லூயிசியானா, மிசிசிப்பி இரண்டு மாநிலமும் என் ஆளுகைக்கு உட்பட்டவை. இரண்டு ஆளுநர்களும் என்னைக் கேட்டுத்தான் தும்முகிறார்கள்.

இன்று மேலாளர் ப்ரூவிட் இந்த வருடத்துப் பட்டியலை அனுப்பினார். ஓடிப்போய்ப் பந்து பிடிக்கிற ரிசீவர்கள் மொத்தம் பதினான்கு பேர். பதினோராவது பெயர்: கெண்ட்ரெல் ஆர்சனோ.

என் அக்கா வெர்லீனின் மகன்.

உடனே போன் போட்டேன். "ஸார், இவன் என் அக்கா பையன். வேற யாரையாவது அனுப்புங்க."

"தெரியும் எல்ராய். அந்தப் பக்கம் உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா? சொந்தம்னு மேல ஒரு வரி போட்டுடு. கீழ நீ பாத்தத எழுது."

பார்த்ததை எழுது. சுலபமாகச் சொல்லிவிட்டார் மகாராஜா.

அக்டோபர் 20, சனி

கெண்ட்ரெல் ஆடினான். ஓரக்கோட்டுப் பக்கம் வந்த ஒரு பந்தைக் குதித்துப் பிடித்தான் பாருங்கள் — மேலே போனவன் இறங்கி வருவதற்குள் நான் ஒரு தட்டு வறுத்த கெளுத்தியைத் தின்று கை கழுவிவிட்டேன். எனக்குப் பக்கத்தில் இருந்த வேறு அணியின் ஸ்கவுட், என்னைப்போலவே ஆள் தேடுகிறவன், விசில் அடித்தான். நான் ஏதோ அந்தக் கால்களை வீட்டுக் கொல்லையில் வளர்த்தவன்போலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

அப்புறம் நடுக்களம். தடுப்பாட்டக்காரர்கள் நாலா பக்கமும் இருக்க, குறுக்கே ஓடியபடி கையை முழுக்க நீட்டிப் பிடிக்கவேண்டிய பந்துகள் அங்கேதான் வரும். மூன்று வந்தன. மூன்றிலும் கை பாதியில் நின்றது. எங்கள் தொழிலில் இதற்கு முதலைக்கை என்று பெயர். முதலையின் முன்னங்கால் நீளத்துக்குமேல் நீளாத கை.

பார்த்த ஆள் நான் மட்டும்தானா? விசில் அடித்தவனும் குனிந்து எதையோ குறித்துக்கொண்டான்.

அக்டோபர் 21

வீடியோவைப் பன்னிரண்டு தடவை போட்டுப் பார்த்தாயிற்று. பன்னிரண்டு தடவையும் கை நீளவில்லை. நீளுமென்று எதை நம்பி உட்கார்ந்திருந்தேன்?

நவம்பர் 18

அறிக்கை அனுப்பிவிட்டேன். "வேகம் போதுமானது. ஓட்டப் பாதைகளில் ஒழுங்கு. நல்ல குணம். ஆனால் நடுக்களத்தில் அடி விழும் என்று தெரிந்தால் கைகள் முழுதாக நீள்வதில்லை. டிராஃப்டில் எடுக்கப் பரிந்துரைக்கவில்லை."

கடைசி வரியை எழுத நான்கு மணி நேரம். இந்த நேரத்தில் மிசிசிப்பி நதியே திசை மாறி ஓடியிருக்கலாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

நவம்பர் 22, நன்றி நாள்

அக்கா வீட்டில் வான்கோழி. அதன் பருமனுக்கு ஓட்டுநர் உரிமம் கொடுத்திருப்பார்கள். பாத்திரம் துடைத்துக்கொண்டே வெர்லீன் கேட்டாள்.

"என்னடா எழுதின எம்புள்ளயப் பத்தி?"

"அது ஆபீஸ் ரகசியம்க்கா."

"நீ பொறந்தப்ப உனக்குப் பேரு வெச்சதே நான்தான்டா. எங்கிட்ட ரகசியமா?"

"வெச்ச பேருக்கு இப்பவும் வழக்குப் போடலாம்னு இருக்கேன்."

சிரித்துவிட்டாள். தப்பித்தேன். கெண்ட்ரெல் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மார்ச் 26, செவ்வாய்

பெரும் பாதகம் நடந்துவிட்டது. செய்தது என் வலது கட்டைவிரல்.

கல்லூரி மைதானத்தில் இன்று பரீட்சை நாள். நாற்பது கெஜ ஓட்டம். ஸ்கவுட்டுகள் ஒன்பது பேர், கையில் ஆளுக்கொரு ஸ்டாப்வாட்ச். பையனின் கை தரையை விட்டு எழும்பும் கணத்தில் அழுத்தவேண்டும். அதுதான் விதி. கையைப் பார், முகத்தைப் பார்க்காதே என்று புதிதாக வருகிற எல்லாருக்கும் நானே ஓதியிருக்கிறேன்.

கெண்ட்ரெல் கோட்டில் குனிந்தான். நான் முகத்தைப் பார்த்தேன். கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான் — மூன்று வயதில் தடுப்பூசிக்குக் கடித்தது மாதிரியே. என் விரல் அழுத்தும்போது அவன் இரண்டு எட்டு ஓடிவிட்டான்.

என் கடிகாரத்தில் நான்கு புள்ளி நான்கு ஒன்று நொடி, நட்சத்திரங்களின் வேகம். மற்றவர்கள் முன்னால் உள்ள நான்கை விட்டுவிட்டு மிச்சத்தைப் படித்தார்கள்: ஐந்து எட்டு, ஐந்து ஏழு, ஐந்து ஒன்பது. அதாவது நான்கரைக்கும் மேலே. சுமாரான வேகம். அவ்வளவுதான்.

"எல்ராய், உன் வாட்ச் பாசத்துல ஓடுதா?" என்றான் ஒருவன். எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கவேண்டும்.

வேலிப் பக்கம் வெர்லீன் நின்றாள். பள்ளிக்கூடச் சமையலறை உடுப்போடு, பாதி நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். "எவ்வளவுடா? எவ்வளவு?" கையில் கடிகாரம் இருக்கிறது. நான் என்ன செய்வேன்? காட்டிவிட்டேன்.

பிறவியிலிருந்து பெரிசாகவே பேசிப் பழகிய வாய்க்கு, மற்ற எட்டுக் கடிகாரத்தையும் பற்றிச் சொல்ல வரவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

தேவாலயத்தில் பாதிரியார் பிரசங்கத்துக்கு முன்னால் "நான்கு புள்ளி நான்கு ஒன்று" என்றார். சபையே எழுந்து கைதட்டியது. கர்த்தரின் பத்துக் கட்டளைக்குக்கூட நம் ஊரில் இப்படிக் கைதட்டல் விழுந்ததில்லை.

ஏப்ரல் 24

நாளையிலிருந்து மூன்று நாள் டிராஃப்ட். அணிகள் வரிசையாகப் பெயர் சொல்லிப் பையன்களை எடுப்பார்கள். சனிக்கிழமை அறுபது பேருக்கு அக்கா வீட்டில் விருந்து. க்ராஃபிஷ் என்கிற ஆற்று இறால் நான்கு மூட்டை சொல்லியாயிற்று.

போனேன், சொல்லிவிடுவதென்று. "அக்கா, விருந்து சின்னதா வெச்சுக்கலாமே."

"ஏன்?"

"மழை வரும்போல."

வானத்தில் மருந்துக்கு ஒரு மேகம் இல்லை.

ஏப்ரல் 27, சனி

எழுதத்தான் வேண்டுமா? சரி.

மத்தியானத்திலிருந்து கொல்லையில் அண்டா கொதிக்கிறது. மரத்தடியில் டிவி. கெண்ட்ரெல் புதுச் சட்டையில், போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான்காம் சுற்று போயிற்று. ஐந்து போயிற்று. ஆறாவதில் ஜனங்கள் டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான்தான் ஏதோ டிவிக்குள் கையைவிட்டு அவன் பெயரை எடுத்துத் தரவேண்டும் என்பதுபோல.

கடைசிச் சுற்றான ஏழாவதின் நடுவில் என் போன் அடித்தது. அறுபது பேர் வாயும் மூடிக்கொண்டது. ப்ரூவிட்.

"எல்ராய், அந்த வெஸ்லி டூசேயக் கூப்பிடு. டிராஃப்ட்ல அவன யாரும் எடுக்கப் போறதில்ல. முடிஞ்சதும் வேற எவனாவது கொத்திக்கிட்டுப் போறதுக்குள்ள கையெழுத்துக்குப் பேசி முடி."

வெஸ்லி டூசே ஷ்ரீவ்போர்ட் பக்கத்து ரிசீவர். கெண்ட்ரெலைவிட மெதுவான கால்கள். எமனே எதிரில் வந்தாலும் கையை நீட்டிப் பந்தைப் பிடிக்கிறவன். அவனுக்குமேலே ஒருவனும் இல்லை என்று எழுதியது யார்? நான்தான்.

கொட்டகைக்குப் பின்னால் போய்க் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். பையன் பக்கத்திலிருந்த தன் அம்மாவிடம் சொன்னான்போல. அவள் போட்ட கூச்சல் போனைப் பிளந்துகொண்டு வந்து, கொட்டகையைத் தாண்டி, அண்டாவைத் தாண்டி, மரத்தடிக்குப் போயிற்று. ஒரு தாயின் குரல் அது. எதற்காக அப்படிக் கத்துவாள் என்று அறுபது பேருக்கும் தெரியும்.

திரும்பி வந்தேன். வெர்லீன் கையில் கரண்டியோடு நின்றாள்.

"யாருடா அது?"

"வேலைக்கா."

"யாரு புள்ள?"

தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். அவள் கரண்டியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். டிவியில் டிராஃப்ட் முடிந்தது. நான்கு மூட்டையில் இரண்டு அப்படியே கிடந்தன.

ஏப்ரல் 28

போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

மே 3

எடுக்கவில்லை.

மே 9, வியாழன்

காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது கெண்ட்ரெல் வந்தான். ஒரு துணியை எடுத்து மறுபக்கம் துடைக்க ஆரம்பித்தான்.

"அம்மா உன்னைத் திட்டறத நிறுத்தவே இல்ல மாமா."

"திட்டட்டும்டா. எம்பேரு இன்னும் அவ வாயில இருக்கே."

"நீ என்ன எழுதினேன்னு எனக்குத் தெரியும். நானா இருந்தாலும் அதத்தான் எழுதியிருப்பேன்."

துணியைப் பிழிந்தான். ரொம்ப நேரம் பிழிந்தான்.

"ரெண்டாம் வருஷம் ஜேலன நடுக்களத்துல வெச்சு அடிச்சாங்கல்ல. ஸ்ட்ரெச்சர்ல போறப்ப என் கையப் புடிச்சுக்கிட்டு, 'நீ யாரு'ன்னு கேட்டான். என் ரூம்ல என்கூடவே தூங்கறவன். அதுக்கப்புறம் அந்த எடத்துக்குப் போனா என் கை என் பேச்சக் கேக்கறதில்ல மாமா."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

ஒன்றும் பண்ணியிருக்க முடியாது. யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அப்புறம் அவன் சொன்னது: "டிராஃப்ட் முடிஞ்ச மறுநாள் ஞாயித்துக்கெழம காலைல ஒரு டீம்ல கூப்பிட்டாங்க. மூணு நாள் வந்து ஆடிக் காட்டு, புடிச்சா வெச்சுக்கறோம்னு. நான் வேணாம்னுட்டேன். அன்னிக்கு ராத்திரி எப்படித் தூங்கினேன் தெரியுமா? ரெண்டு வருஷத்துக்கப்புறம் தூங்கினேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத மாமா. தாங்க மாட்டாங்க."

கார் இரண்டு தடவை காய்ந்துவிட்டது. நாங்கள் துடைத்துக்கொண்டே இருந்தோம்.

மே 12, ஞாயிறு

தேவாலயம் முடிந்து வெர்லீன் நேரே என் வீட்டுக்கு வந்தாள். இன்று அன்னையர் தினம். மார்பில் கெண்ட்ரெல் குத்திவிட்ட பூ. உள்ளே வா என்றேன். வரவில்லை. வாசல் வலைக்கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லு. உங்க ஆபீஸ்ல, மத்த டீம்ல, எல்லாரும் எம்புள்ளய வேணாம்னதுக்கு நீ எழுதினதுதான் காரணமா?"

முப்பத்திரண்டு அணி இருக்கிறது. என் அறிக்கையை எங்கள் அணிக்கு வெளியே ஒருவன் படித்ததில்லை. ஓர் அணி அவனைக் கூப்பிட்டது, வேண்டாமென்றது அவன்தான். இதையெல்லாம் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

"ஆமாக்கா," என்றேன்.

"இனிமே ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு நீ வரவேணாம்."

காரில் கெண்ட்ரெல் காத்திருந்தான். அவள் ஏறி உட்கார்ந்ததும் அவன் பின்கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். அவன் சாலையைப் பார்த்தபடியே வண்டியை எடுத்தான்.

மதியம் இரண்டு முட்டை பொரித்துக்கொண்டேன். ஒன்று கருகிவிட்டது.