அடங்காத அடுப்பு

செப்டம்பர் 3, செவ்வாய்
இன்று மருமகள் தேவகிக்கு முப்பதாம் நாள் காரியம். படையல் எடுத்ததும் அவள் அம்மா ராஜம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பேத்தி ஆர்த்தியைத் தன் ஊர் அனுப்பம்பட்டுக்கே அழைத்துப் போகிறாளாம். என் மகன் ராஜவேலு கடலுக்குப் போய்விட்டால் பிள்ளைக்கு யார் ஆக்கிப் போடுவது என்றாள்.
"என் மவன் பெத்த பொண்ண நான் இன்னா பட்டினியா போடுவேன்?"னு கேட்டேன். ஆர்த்தியை விட்டுவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினாள்.

செப்டம்பர் 4
சொல்லிவிட்டேன். எனக்குக் கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கக்கூடத் தெரியாது.

செப்டம்பர் 6
நாற்பது வருஷம் விறகில் ஆக்கியவள் நான். குப்பத்துக் கல்யாணங்களுக்கே குழம்பு வைத்திருக்கிறேன். புகை பட்டால் ஆர்த்திக்கு இளைப்பு வருகிறது என்று தேவகிதான் விறகடுப்பை இடித்துவிட்டு இதை வைத்தாள். அந்தக் கோபத்தில் நான் இதைத் தொட்டதே இல்லை. இப்போது யாரைப் போய்க் கேட்பேன்?
ஆர்த்தியைக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அம்மா இப்டித்தான் செய்யும் ஆயா"னு காட்டினாள். முந்தானையைச் செருகு. சிலிண்டரைத் திற. குச்சியைக் கிழித்துவிட்டு அப்புறம் அடுப்பைத் திருகு. வேலை முடிந்ததும் சிலிண்டரை மூடு. நாலாவது படிக்கிற பிள்ளை. அம்மாவைப் பற்றி அழாமல் பேசியது இன்றைக்குத்தான்.

செப்டம்பர் 11
சோறு அடி பிடித்துவிட்டது. இருந்தும் ஆர்த்தி சாப்பிட்டாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு
ராஜவேலு ஏரி இறால் கொண்டுவந்தான். அம்மா வறுக்கிற மாதிரி வேண்டும் என்றாள் ஆர்த்தி. எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டு இறால் உரிக்கப் பின்பக்கம் போனேன். எப்போதும் அப்படித்தான். விறகைத் தள்ளிவிடாமல் ஆள் நகர்ந்தால் தீ தானே அடங்கும். இது அடங்கவில்லை.
எழுத முடியவில்லை.

செப்டம்பர் 17
எழுதத்தான் வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் சட்டியில் தீ நிற்கிறது. ஆர்த்தி மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "மூடு ஆயா, தண்ணி ஊத்தாத"னு கத்தினாள். கேட்டுது. காது நல்லாத்தான் கேட்டுது. ஆனா கை? நாப்பது வருஷமா கொள்ளிக்குத் தண்ணி தெளிச்ச கை. சொம்ப எடுத்து ஊத்திடுச்சு. தீ கூரை வரைக்கும் எழும்பி, எண்ணெ தெறிச்சு — அவ வலது கை, முழங்கை வரைக்கும். எம்மேல ஒரு சொட்டு இல்ல. ஏன் எம்மேல படல?
ராஜவேலுதான் ஓடிவந்து அடுப்பைத் திருகி, பிள்ளை கையிலிருந்த மூடியை வாங்கி மூடினான். அவள் கையைக் குழாயடியில் வெகுநேரம் பிடித்திருந்தான். நான் பற்பசை எடுத்து வந்தேன். தட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

செப்டம்பர் 22
ராஜம்மா வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பிள்ளையின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். ராஜவேலு தலையைத் தூக்கவே இல்லை. "புண்ணு ஆறட்டும் சம்மந்தி"னு மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையை அழைத்துப் போனாள்.
திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 9
"ஓட்டல்லயே வாங்கியாந்துடறேம்மா" என்றான் ராஜவேலு. வேண்டாம் என்று நானே பற்ற வைத்தேன். மூன்று குச்சி வீணானது. நாலாவதில் பிடித்தது.

அக்டோபர் 20
இறாலைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்துவிட்டுப் போட்டால் எண்ணெய் அவ்வளவாகத் தெறிப்பதில்லை. இதை யாரிடம் சொல்ல?

நவம்பர் 24, ஞாயிறு
ராஜம்மா ஆர்த்தியைக் கூட்டிவந்தாள். தழும்பு இளஞ்சிவப்பாக இழுத்துக்கொண்டிருக்கிறது. இறால் வேண்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே கேட்டாள்.
எல்லாவற்றையும் முதலிலேயே உரித்துத் துடைத்து வைத்தேன். மூடியைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். தீயைக் குறைத்தேன். சட்டியை இறக்கும் வரை அடுப்பைவிட்டு நகரவில்லை. அவள் நிலைப்படி தாண்டி உள்ளே வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டு தடவை கேட்டு வாங்கினாள்.
சாயங்காலம் பஸ் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "அடுப்ப அணைச்சிட்டியா ஆயா?"னு கேட்டாள்.
அணைத்துவிட்டேன் என்றேன்.
"சிலிண்டரு?"
அதையும் மூடியாச்சு என்றேன்.
தலையை ஆட்டினாள். பிறகு ராஜம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.