சென்ட்ரலில் இறங்கியும் என் வீட்டுக்கு வராத அக்காவுக்கு

கோபமும் பாசமுமாக, என் பார்வதி அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இப்போது உன் பக்கத்து வீட்டு மேரி அக்காவுக்கும் மார்பில் அதே புற்றுநோய். கேரி தீவிலிருந்து கிள்ளான் வரை யாராவது காரில் ஏற்றிவிட வேண்டும். அங்கிருந்து ரயில். கோலாலம்பூர் வந்து, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, ஆஸ்பத்திரிக்கு இன்னொரு வண்டி. எல்லாம் பத்து நிமிடக் கதிர்வீச்சுக்காக, வாரத்தில் ஐந்து நாள். நீ அலைந்த அதே வழி.

சென்ட்ரலிலிருந்து என் பிரிக்பீல்ட்ஸ் வீடு நடக்கிற தூரம். நீ ஒரு நாளும் வரவில்லை. மாமா உன்னைக் காரில் கூட்டிப்போகிறார் என்றே நினைத்திருந்தேன். ரயிலில் நின்றுகொண்டு போனாய் என்பது உன் கருமக்கிரியை அன்று மேரி அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

"அக்கா ஏன் எங்க வீட்டுல தங்கல?" என்று அவரிடம் கேட்டேன்.

"வேணும்னா வந்து தங்கிக்கன்னுதான் சொன்னீங்களாம். வான்னு சொல்லலையாம். அப்புறம் எப்படி தம்பி வருவாங்க?"

உண்மைதான். உன் மகள் கல்யாணப் பத்திரிகையை மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தாய்மாமனுக்கு வெற்றிலைத் தட்டோடு நேரில் வந்து தர வேண்டாமா? கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அதே வீம்பில்தான் போனிலும் அப்படிச் சொன்னேன். இருபத்தைந்து நாள் சிகிச்சையைப் பதினான்காம் நாளோடு நிறுத்திவிட்டாய். முடித்திருந்தால் இருந்திருப்பாயா? டாக்டரிடம் கேட்டேன். அவர் உன் ஃபைலை மூடி வைத்தார்.

மாமாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நோயாளிகளை இவ்வளவு தூரம் அலையவிடும் அதிகாரிகளையும்தான். கிள்ளானிலேயே இந்தச் சிகிச்சை வேண்டும் என்று மூன்று கடிதம் எழுதினேன். 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று மூன்று முறை ஒரே பதில். நான்காவதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கும்வரை நகரவில்லை.

போன வாரம் மேரி அக்கா போன் செய்தார். "போதும் தம்பி. உடம்பு தாங்கல லா. நிறுத்திக்கறேன்."

மறுநாளே நானும் என் மனைவியும் அவர் வாசலில் நின்றோம். "துணிய எடுத்து வைங்கக்கா, நம்ம வீட்டுக்குப் போறோம்."

"பொண்ணு கேக்க வந்த மாதிரி ஜோடியா வந்து நிக்கிறீங்க. சரி, என் மாதா படத்த எங்க வைப்பீங்க?"

"டிவிக்கு மேல," என்றாள் என் மனைவி.

"அப்ப உங்க சீரியல் எல்லாத்தையும் அவங்களும் பாக்கணுமா? பாவம்."

சிரித்துக்கொண்டேதான் பையை எடுத்தார்.

இன்று அவர் சிகிச்சையின் பன்னிரண்டாவது நாள். திரும்பும்போது காரிலேயே வாந்தி எடுத்தார். "நாளைக்கு ஒரு நாள் விட்டுடலாமா தம்பி?" என்றார். "முடியாது," என்றேன். என் குரல் உனக்குத் தெரியும். வீடு வந்ததும் என் கையைத் தட்டிவிட்டு அவரே இறங்கினார்.

மீதிப் பதின்மூன்று நாளும் நானே கூட்டிப்போவேன், அக்கா. திட்டட்டும், அழட்டும். கடைசி நாள் அவரைக் கேரி தீவில் கொண்டுபோய் விடும்போது பக்கத்து வீட்டு வாசலில் மாமா நிற்பார். அவரிடம் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. அதை அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன். முதலில் மேரி அக்கா முடிக்கட்டும்.

உன் கூடப் பிறந்த பிடிவாதக்காரன்,
தம்பி குணா